பட்டாணிக்குக் கறி

எங்கள் வீட்டு ஃபெரெட்டுக்குப் பட்டாணி என்று பெயர். பார்க்கக் கீரிப்பிள்ளை போல இருக்கும். கறிதான் அதற்குச் சாப்பாடு.

போன வாரம் என் கணவர் இறந்ததிலிருந்து வீட்டுக்குள் கறி வரவில்லை. துக்கத்துக்குப் பழனியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பாவம் பார்த்து அதற்கு வாழைப்பழமும் பஞ்சாமிர்தமும் ஊட்டியிருக்கிறார்கள். இன்று காலை வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தது.

மாட்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

"இனிப்பு அதுக்கு ஆகவே ஆகாதும்மா. பழையபடி கறியே குடுங்க."

மாமியாரிடம் சொன்னேன்.

"காரியம் முடியாம வீட்டுக்குள்ள கறியாம்மா?" என்றவர் எழுந்து போய்க் கூண்டுக்குள் பார்த்தார். "அவன் பிள்ளையா வளத்தது. வெரசா வாங்கிட்டு வா."

பஜாரில் என் கணவர் வழக்கமாக வாங்கும் கோழிக்கடைக்குப் போனேன். பட்டாணிக்கு என்றதும் கடைக்கார பாய் ஈரலை எடுத்தார்.

"சார் ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இல்ல பாய். தவறிட்டாரு."

வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னேன். பாயின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் கண் கலங்கியது. எனக்கு எதுவும் வரவில்லை.

"கொஞ்சம் பொடிசா நறுக்குங்க பாய்," என்றேன்.

பட்டாணி தட்டைக் காலி செய்துவிட்டு இப்போது தூங்குகிறது.

அதற்கு நகம் நீண்டுவிட்டது. அதுவும் என் கணவர் பார்த்த வேலைதான். ஃபெரெட் வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால், கடி வாங்காமல் நகம் வெட்டுவது எப்படி என்று சொல்லுங்கள். ஆறுதலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.