கடைசி வாய்க்குக் காவேரி

பாலக்கரை தாஜுதீன் பாய்க்குப் பொய் சொல்ல வராது என்று காந்தி மார்க்கெட் முழுக்கப் பேர். பழம் அழுகியிருந்தால் அழுகியிருக்கிறது என்றே சொல்வார், முதலாளி முகத்தைச் சுளித்தாலும் சரி. அந்த மனுஷன் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் வாய் திறக்காமலே சொன்னார்.

ஐம்பதுகளில் அவர் தொட்டியம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தொண்டிக் கடற்கரைக்கு லாரி ஓட்டினார். திரும்பும்போது கருவாடு. ஒரு காலத்தில் சேது யாத்திரைக்காரர்கள் நடந்த பழைய சாலை அது. புதுக்கோட்டை தாண்டினால் கண்ணுக்குப் பச்சை கிடையாது. திருமயம், தேவகோட்டை, திருவாடானை என்று ஊருக்கு ஊர் வெயில்தான் குடியிருக்கும். வண்டியை நிறுத்தினால் ஆடுகள் நிழலுக்காக அடியில் வந்து படுத்துக்கொள்ளும்.

திருவாடானைக்கு அப்பால் மயிலம்மாளின் இட்லிக்கடை. அவள் புருஷன் மூக்கன் காவேரிக் கரைத் தொட்டியத்துக்காரர், பெண் எடுத்த ஊரிலேயே தங்கிவிட்டவர். வயிற்றில் கட்டி வந்து படுத்தவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: காவேரித் தண்ணீர்.

“உசுரு அதுக்காகத்தான் நிக்குதுண்ணே. ஒரு வாய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்,” என்றாள் மயிலம்மாள்.

“இதென்னம்மா பெரிய காரியம்? இன்ஷா அல்லாஹ், அடுத்த நடையில கொண்டாறேன்.”

வைகாசியில் காவேரி வெறும் மணல். பாய் சிந்தாமணிப் படித்துறைக்குக் கீழே ஊற்றுத் தோண்டி, தெளியத் தெளிய மொண்டு தூக்குவாளியில் நிரப்பினார். மூடியைத் துணியால் கட்டித் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

திருமயம் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது. ரப்பர்க் குழாயில் விரிசல். வண்டியில் வைத்திருந்த டிரம் தண்ணீரை ஊற்ற ஊற்ற ஒழுகியது. துணி சுற்றி இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் டிரம் காலி. சாலையில் ஈ காக்காய் இல்லை. கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. பின்னால் வாழைத்தார் பழுத்துக்கொண்டிருந்தது. பாய் தூக்கைப் பார்த்தார், ரேடியேட்டரைப் பார்த்தார். “யா அல்லாஹ், மன்னிச்சிரு” என்று முனகிக்கொண்டே ஊற்றினார். ஒரு வாய் மிச்சம் வைத்திருக்கக் கூடாதா? கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, வேறென்ன சொல்ல!

மயிலம்மாள் கடைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஊருணி. வண்டி மறுபடி கொதித்தால் வேண்டுமே என்று அந்தத் தூக்கிலேயே தண்ணீர் பிடித்தார்.

கடை வாசலில் இறங்கியதும் நடந்ததைச் சொல்லிவிடத்தான் இருந்தார். அதற்குள் மயிலம்மாள் சீட்டிலிருந்த தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். “ஏங்க, பாய் கொண்டாந்துட்டாருங்க! கண்ணைத் தொறங்க!”

மூக்கன் கண்ணைத் திறந்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் பாய்க்கு நாக்கு எழவில்லை. மூக்கன் மடக்கு மடக்காகக் குடித்தார். ஏதோ முணுமுணுத்தார், வாசலில் நின்றவருக்குக் கேட்கவில்லை. மறுநாள் தொண்டியிலிருந்து திரும்பும்போது கடை முன்னால் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்த பாய்க்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு வேறு பக்கம் லோடு கேட்டு வாங்கிப் போனார். சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல், பாதி ஆளாகிவிட்டார். ஆடியில் மனசு கேட்காமல் தொண்டிக்கே கிளம்பினார். திரும்பும் வழியில் மயிலம்மாள் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார்.

மயிலம்மாள் மஞ்சள் துணி கட்டிய சிறு கலயத்தை எடுத்து வந்தாள். அஸ்தி.

“தாயி, அன்னிக்கு அந்தத் தண்ணி…” என்று ஆரம்பித்தார் பாய்.

“தெரியும்ணே. தெனம் நான் தலையில சொமக்குற தண்ணி அது. அது ருசி எனக்குத் தெரியாதா? ‘உப்புக் கரிக்குதே புள்ள’ன்னாரு. உங்க வாய்தாங்க கசந்து கெடக்குன்னு சொல்லிட்டேன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “இதையாவது மாத்தாமக் கொண்டு போய்ச் சேத்துருங்கண்ணே.”

பாய் கலயத்தை மடியில் வைத்தே ஓட்டினார். கருவாட்டைக்கூட இறக்காமல் நேரே ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போனார். ஆற்றில் புதுவெள்ளம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பாய் யாரையும் பார்க்கவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கித் துணியை அவிழ்த்தார்.

“குடிங்க மூக்கண்ணே,” என்றார். “இது நெசமாவே காவேரிதாண்ணே.”