முதல் பக்கத்தை மட்டும் மாற்றினார்கள்

என் அண்ணன் கந்தப்பன் எதையும் ஒற்றையாக எடுத்துப் பார்க்க மாட்டார். பூண்டுலோயாச் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கும்போது வலது கையில் ஒன்றும் இடது கையில் ஒன்றுமாக எடுத்து, எது கனம் என்று நிதானிப்பார். பிறகு ஒன்றை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் அவருக்குத் தெரியாது. விறகு அடுக்கும்போதும் அப்படித்தான். இரண்டு கட்டைகளைப் பக்கத்தில் வைத்து அளந்த பிறகுதான் மூன்றாவதைத் தொடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். ஹட்டனில் படித்துத் தேறியவர். அரசாங்கப் பள்ளிக்கூட வேலைக்கு இரண்டு முறை எழுதிப் போட்டார். இரண்டு முறையும் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. இலங்கைப் பிரஜையா என்பது அந்தக் கேள்வி. எங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். இந்தியாவிலிருந்து வந்த குடும்பம், இந்த நாட்டுக்காரர் என்பதற்குப் போதிய அத்தாட்சி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அண்ணன் தனியாகப் போட்டதையும் தள்ளினார்கள். அதனால் தோட்டத்துச் சம்பளத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நாலாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போனவள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

காலையில் பாடம் தொடங்குமுன் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவது அண்ணனின் வேலை. இரண்டு இரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டவைத்துப் பார்ப்பார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், "அஞ்சு புள்ளைங்கள வரிசையில விடணும்னா எத்தன தடவ ஒட்டிப் பாக்கணும், சொல்லு" என்றார்.

"ஒட்டி எதுக்குண்ணே பாக்கணும்? நிக்க வச்சாலே கண்ணுக்குத் தெரியுமே."

"கண்ணு இல்லன்னு வச்சுக்க."

பக்கத்து லயத்து வரிசை வீட்டு வீரம்மாக்கா அப்போது நெருப்பு வாங்க வந்திருந்தது. "மாஸ்டரு பொண்ணு பாக்கப் போனாலும் ரெண்டு ரெண்டா நிக்க வச்சுத்தான் பாப்பாரு. அதான் இன்னும் ஒண்ணும் அமையல" என்றது. அண்ணனும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. சில வருடங்கள் அதோடேயே இருந்தார்.

அவர் எனக்கு மூன்று தடவை விளக்கியிருக்கிறார், அதனால் என்னால் சொல்ல முடியும். ஐந்து பிள்ளைகள் நூற்றிருபது விதமாக நிற்கலாம். ஒரு தடவை ஒட்டிப் பார்த்தால் இவன் உயரம் அல்லது அவன் உயரம் என்று இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். ஆறு தடவை பார்த்தாலும் அறுபத்துநான்கு விதங்களைத்தான் பிரித்தறியலாம். நூற்றிருபதுக்கு அது காணாது. ஆகவே ஏழு தடவைக்குக் குறைவாக யாராலும் முடியாது. ஏழில் முடிப்பதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். ஐந்தோடு நிற்கவில்லை, ஐம்பது, ஐந்நூறு என்று எத்தனை பேர் வந்தாலும் இதற்குக் கீழே போக முடியாது என்று ஓர் எல்லை காட்டினார். அண்ணனுக்குப் பிடித்தது அந்த எல்லைதான். "செஞ்சு காட்டுறது ஒரு வேல. எவன் வந்தாலும் இதுக்குக் கீழ முடியாதுன்னு காட்டுறது வேற வேல" என்பார்.

இதைப் பேசுவதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் பேரின்பநாயகம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்தவர், அண்ணனின் வயதுதான். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். எங்கள் தோட்டத்துக்கு வந்த வெளியூர் உத்தியோகத்தர்களில் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். பச்சைமிளகாய்ச் சம்பலை மறுபடியும் கேட்டு வாங்குவார். அண்ணன் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அறுபத்திரண்டாம் வருடம் அவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். கணக்குப் போடும் மின்சார இயந்திரங்கள் வெளிநாடுகளில் வந்துவிட்டன, அவற்றின் கணிதம் பற்றிக் கொழும்பில் ஒரு மாநாடு கூடப் போகிறது, கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்றார்.

"உம்மட கணக்கு அதுக்கெண்டே செய்த மாதிரிக் கிடக்கு. அந்த மெசினுக்கும் கண் இல்லை. அதுவும் ரெண்டு ரெண்டாய்த்தான் பாக்கும்."

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. மூன்று மாதம் ஆங்கிலத்தில் எழுதினார். ஹட்டனில் ஆட்களுக்கு மனு, பெட்டிசம் அடித்துக்கொடுப்பவரிடம் கொடுத்து டைப் அடித்தார். முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே அண்ணனின் பெயர், அதற்குக் கீழே எங்கள் தோட்டத்துப் பெயர். அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். எழுத்துக்கூட்டி அண்ணனின் பெயரை மட்டும் என்னால் வாசிக்க முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை பேரின்பநாயகம் மாஸ்டர் வந்தார். சாப்பிட்டார். கிளம்பும்போது வாசலில் குந்தி, சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒரு சிக்கல், கந்தப்பன். மாநாட்டுக்காரர் பிரஜாவுரிமை கேக்கினம். இல்லாத ஆக்களின்ர கட்டுரையை எடுக்க மாட்டினமாம்."

அவர் மற்றச் சப்பாத்தை எடுத்தார்.

"ஒண்டு செய்வம். இப்போதைக்கு என்ர பேரைப் போட்டு அனுப்புவம். வாசிக்க எழும்பேக்க முதல் வேலையா நான் சொல்லுவன், இது கந்தப்பன்ர வேலை எண்டு. சபையில சொன்னாப் பிறகு ஆர் இல்லையெண்டுறது?"

"கட்டுர போய்ச் சேந்தாப் போதுங்க மாஸ்டர்" என்றார் அண்ணன்.

அவர் போன பிறகு நான், "அண்ணே, அவரு உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லலயே" என்றேன்.

"அவருக்கே சொல்லக் கூச்சமா இருந்திருக்கும் பாவம். நம்ம பேர வேணாங்கிறது புதுசா என்ன?"

மற்றப் பக்கங்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முதல் பக்கத்தை மட்டும் திரும்ப அடித்தார்கள்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். பேரின்பநாயகம் மாஸ்டர் கொழும்புக்குப் போய் வாசித்துவிட்டு, ஒரு டின் பிஸ்கட்டோடு எங்களிடம் வந்தார்.

"சொன்னீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார் அண்ணன்.

"சொல்லாமலோ? ஆக்கள் கை தட்டினவை."

அண்ணன் மறுநாள் பிஸ்கட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். இது அவர்கள் வரிசையில் நின்றதற்காகக் கொழும்பிலிருந்து வந்தது என்றாராம். வீரம்மாக்கா மட்டும், "கொழும்புல கை தட்டுனது கொத்மலைக்கு இந்தப் பக்கம் கேக்கலையே மாஸ்டர்" என்றது.

அடுத்த தைப்பொங்கலுக்குத் துணி எடுக்க ஹட்டனுக்குப் போனோம். துணிக்கடையில் செல்வமலர் டீச்சரைக் கண்டோம். பேரின்பநாயகம் மாஸ்டரின் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். அண்ணனுக்குப் புத்தகம் இரவல் கொடுப்பார். அந்த மாநாட்டுக்குத் தானும் போயிருந்ததாகச் சொன்னார்.

"பேரின்பநாயகம் மாஸ்டர் வடிவா வாசிச்சவர். தன்ர பள்ளிக்கூடப் பிள்ளையளை உயர வரிசையில விடேக்கதான் இந்த யோசினை வந்தது எண்டு தொடங்கினவர். எல்லாரும் ரசிச்சவை."

"தன்னோட புள்ளைங்கன்னா சொன்னாரு?" என்று கேட்டார் அண்ணன்.

"ஓம்."

"என் பேரு ஏதும் சொன்னாருங்களா டீச்சர்?"

"உங்கட பேரோ? இல்லையே. ஏன்?"

அண்ணன் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். நான் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறவள் இல்லை. என்றாலும் அன்றைக்கு நான்தான் சொன்னேன், பிரஜாவுரிமை இல்லாததால் பெயர் போட முடியாமல் போனது என்று.

செல்வமலர் டீச்சர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆர் சொன்னது? மெட்ராசில இருந்து ரெண்டு பேர் வந்து கட்டுரை வாசிச்சுப் போட்டுப் போனவை. அவைக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை எங்கால வந்தது? கணக்குக்கு ஆர் அதைக் கேக்கிறது?"

துணி எடுக்கவில்லை. நேரே பேரின்பநாயகம் மாஸ்டரின் வாடகை அறைக்குப் போனோம். அவர் எங்களைக் கண்டதும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். எங்களை உட்காரச் சொன்னார். நாங்கள் நின்றோம். அண்ணன் டீச்சர் சொன்னதைச் சொன்னார். மாஸ்டர் மறுக்கவில்லை.

"யோசிச்சுப் பாரும் கந்தப்பன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் எண்டு முதல் பக்கத்தில கண்டா ஆர் ரெண்டாம் பக்கத்தைத் திருப்புவினம்? கூடைக்குள்ள போட்டிருப்பினம்."

"போட்டிருக்கலாங்க. என் பேரோட கூடைக்குப் போயிருக்கும்."

"உமக்கு அதால என்ன வரப்போகுது? எனக்குக் கொழும்பில ஒரு இடம் கிடைக்கும். கிடைச்சா உம்மையும் ஒரு வழியா…"

அண்ணன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் யாரையும் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"வேற எந்தப் பொய்யச் சொல்லியிருந்தாலும் நான் ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன் மாஸ்டர். இதுன்னா கேக்க மாட்டேன்னு தெரிஞ்சு சொன்னீங்க பாருங்க. எங்க வீட்டுல உக்காந்து சாப்புட்டுத்தான அதத் தெரிஞ்சுக்கிட்டீங்க."

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் வந்துவிட்டோம். பஸ் பூண்டுலோயாவை நெருங்கும்போது அண்ணன், "நீ அன்னைக்கே பாத்துச் சொன்ன" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

அந்த வருடமே அண்ணன் மாநாட்டுக்காரர்களுக்கு நடந்ததை எழுதினார். செல்வமலர் டீச்சரும் தன் பங்குக்கு எழுதினார். வாசித்தவரின் பெயரில் ஏற்கனவே அச்சாகிவிட்டது, வேறொருவர் உரிமை கோரினால் தங்களால் தீர்க்க முடியாது என்று பதில் வந்தது.

இது அறுபத்தைந்தாம் வருடம். பேரின்பநாயகம் மாஸ்டர் கொழும்பில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். போன வருடம் இரண்டு நாட்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்புவார்களா, இங்கேயே வைப்பார்களா என்று தெரியவில்லை. அண்ணன் இன்னும் காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார். சந்தையில் இன்னும் இரண்டு கையிலும் கிழங்கை எடுத்துப் பார்க்கிறார். முந்தியதைவிடப் பெரிய கணக்கு ஒன்றை முடித்துவிட்டதாக மாசியில் என்னிடம் சொன்னார். அதை யாரிடமும் காட்டவில்லை. செல்வமலர் டீச்சர் கேட்டும் கொடுக்கவில்லை.