தனியாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு சாட்சி

வேலை போனதால் அரசாங்க உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். கணவரைப் பிரிந்து தனியாக இருக்கிறேன் என்று எழுதியதற்கு இன்று ஒரு படிவம் வந்தது. அது உண்மைதான் என்று, என்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம்.

என் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. யாரைக் கேட்பது?

கடைசியில், நான் வாராவாரம் போகும் பென்டில் ஹில் தமிழ்ப் பலசரக்குக் கடைக்காரரிடம் படிவத்தை நீட்டினேன்.

"அண்ணை, நான் தனிய இருக்கிறன் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டும் எழுதவேணும்."

"வெள்ளிக்கிழமையில ஒரு இடியப்பப் பார்சல்தானே எடுக்கிறனீங்கள். ரெண்டு பேருக்குக் காணுமோ?"

ஒரு பார்சல் இரண்டு பேருக்குப் போதாது என்று அதையே ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கியபடி கேட்டார்:

"தங்கச்சி, உங்கட பேர் என்ன?"

என்னை நன்றாகத் தெரிந்தவர் கிடைத்துவிட்டார். உங்களுக்கு யார் கையெழுத்துப் போடுவார்?