ஜன்னலைச் சாத்திக் கடைந்த கருடன்

ஓய்வு பெற்ற மறுமாதமே மரம் கடையும் எந்திரம் ஒன்றை வாங்கி, சமையலறையை ஒட்டிய பின்கட்டில் பொருத்தினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில், மனுக்களில் எந்த இணைப்பு இல்லை என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே பழகிய கை. அதற்கு வேறு வேலை தேவைப்பட்டது.

கட்டில் காலும் சப்பாத்திக் கட்டையும் செய்ய எனக்கு விருப்பமில்லை. உலகம் நீராவியோடு நின்றுபோயிருந்தால் காஞ்சிபுரத்துத் தெருக்களில் என்னென்ன ஓடியிருக்கும் என்று யோசித்து அதைச் செய்தேன். புகைபோக்கி வைத்த தேர், வயிற்றில் கொதிகலன் சுமந்த யானை. உடலை வாகைக் கட்டையில் கடைந்துகொள்வேன். பழைய கடிகாரச் சக்கரம், மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் பித்தளை பம்ப், நெசவுக்காரர்கள் ஒதுக்கிய நூல் கட்டை எல்லாம் அதன்மேல் ஏறும். இதற்கு ஸ்டீம்பங்க் என்று பெயர் உண்டென்று அமெரிக்காவிலிருந்த மருமகன் மின்னஞ்சலில் தெரிவித்தார். பெயர் தெரிந்ததும் அரசாணை வந்தது போல வேகம் கூடியது.

பெரிய வேலை கருட வாகனம். மார்பே ஒரு கொதிகலன்; இறக்கைகள் அடுக்கடுக்கான மர வளையங்கள். மனைவி பார்த்துவிட்டு, "பெருமாளுக்குக் கீழ அடுப்பு வச்சிட்டீங்களே" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினாள்.

அந்த இருமல் நிற்கவில்லை. தெரு மருத்துவர் தந்த மருந்து பாட்டில்கள் வரிசையாகக் காலியாயின. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றாள்.

எங்கள் பின்சுவருக்கு அப்பால் ஒரு சாயப்பட்டறை. பட்டு நூலைக் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். ஆவி சுவரைத் தாண்டி வரும், புளித்த வாடையோடு. காரணம் கிடைத்துவிட்டது. முதலில் பின்கட்டு ஜன்னல்கள் நான்கையும் சாத்திச் சணல் துணியால் இடுக்கை அடைத்தேன். பிறகு மனு எழுதினேன். பொருள், பார்வை, ஆறு இணைப்புகள், மருத்துவச் சான்று, சுவரின் அளவுகள் குறித்த வரைபடம்; ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், நான்கு இடங்களுக்கு நகல். நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் திருப்பி அனுப்ப வழி இருந்திருக்காது.

மனைவி ஒன்று கேட்டாள். "இருபது வருஷமா அந்தத் தொட்டி கொதிக்குது. இப்பதான் எனக்கு ஆகாம போச்சா?" ஆதாரமில்லாத கூற்று என்று மனத்துக்குள் குறித்துவிட்டு ஒப்புகை அட்டையைத் தேடப் போனேன்.

நோட்டீஸ் வந்ததும் சாயக்காரர் வாசலில் வந்து நின்றார். கை முழங்கை வரை அரக்குச் சிவப்பு.

"அம்மாவுக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிய அந்தாண்ட கோடிக்கு மாத்தியிருப்பேனே சார். எதுக்கு சார் பேப்பரு?"

எதுவாக இருந்தாலும் எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றேன். அவருக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

பட்டறைக்கு முத்திரை வைத்தார்கள். ஆவி நின்றது, வாடை நின்றது. ஜன்னல்களைத் திறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சாத்திய அறையில் உளியின் சத்தம் நன்றாகக் கேட்டது. கருடனின் இடது இறக்கை அந்த நாட்களில்தான் முடிந்தது. மனைவிக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் போனதும் அந்த நாட்களில்தான்.

சென்னையில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் போனோம். என் மகள் வயதிருக்கும். ஸ்கேன் படத்தைப் பார்த்தவர், அடுத்து என் புருவத்தில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தார்.

"வீட்ல மரவேலை நடக்குதா சார்?"

நடக்கிறது என்றேன். வாகைத் தூள் பொல்லாதது என்றார். நுரையீரல் தடித்துப்போய்விட்டது, போன பகுதி திரும்பாது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டார். எந்திரத்தோடு வந்த கையேட்டில், இயக்குபவர் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஒரு நாள் தவறாமல் மூடிக்கொண்டேன். மாலையில் அந்தத் தூளைப் பெருக்கி அள்ளியவளைப் பற்றிக் கையேட்டில் எதுவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. தாமல் ஏரிக்கரைக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து வரலாமா என்று மட்டும் கேட்டாள்.

மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். நடவடிக்கை முடிந்துவிட்டபடியால் திரும்பப் பெற இயலாது, பாதிக்கப்பட்டவர் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. இதே வாசகத்தை நானும் நூறு பேருக்கு எழுதியிருக்கிறேன். சாயக்காரர் ஐயம்பேட்டையில் வேறொருவர் பட்டறையில் கூலிக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு ஷேர் ஆட்டோவில் போனேன். தப்பு தொட்டியில் இல்லை, என் எந்திரத்தில்தான் என்று சொன்னேன். புது விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன்.

அவர் நூல் கற்றையைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பிழிந்தபடியே, "நீங்க எழுதனதே போதும் சார்" என்றார். சற்றுப் பொறுத்து, "அம்மா எப்படிக்கீறாங்க?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிறாள் என்றேன்.

எந்திரத்தைக் கட்டில் கால் கடைபவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். தேரையும் யானையையும் கருடனையும் கொல்லையில் குவித்து மண்ணெண்ணெய் எடுத்துவர உள்ளே போனபோது அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையிலிருந்த டின்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அந்தப் புகையையும்..." என்றாள். மூச்சு வாங்கினாள். "நான்தான் இழுக்கணுமா?"

டின்னைத் திரும்ப வைத்தேன். அதற்குப் பிறகு அவள் இரண்டு மழைக்காலம் இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், கடைசி நாள் வரை உட்கார்ந்தபடியே தூங்கினாள்.