விருந்தாளிக்காகப் பெருக்கிய தோட்டம்

சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு வதந்தி உலவுகிறது. மகேஸ்வரி தன் தோட்டத்துக்குத் தானே தீ வைத்துக்கொண்டாளாம். எதற்காம்? நிவாரணத்துக்காம். டீக்கடையில் அது அரசாங்க நிவாரணமாக இருந்தது. திண்டுக்கல் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் வெளிநாட்டு நிதியாக வளர்ந்தது. பேருந்து நிலையத்தில் இறங்கும்போது கேமராவோடு ஒரு ஜெர்மன்காரர் வேறு சேர்ந்திருந்தார்.

விசாரித்துப் பார்த்ததில் தீ உண்மை. புகையும் உண்மை. ஜெர்மன்காரரை யாரும் பார்க்கவில்லை. நிவாரணம் எந்த அலுவலகத்தில் தருகிறார்கள் என்று கேட்டால், சொன்னவர்களே அந்த அலுவலகத்துக்கு நம்மிடம் வழி கேட்கிறார்கள். தீ வைத்தது யார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொன்னால், நல்ல எண்ணத்தோடு வந்த ஐந்து பெண்களைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. மகேஸ்வரியும் சொல்வதில்லை. பழி எங்கேயாவது போய் உட்கார வேண்டுமல்லவா, அவள் தலை காலியாக இருந்தது.

மகேஸ்வரி பிறந்தது சின்னாளப்பட்டியில், தறி வீட்டில். அழகுராஜாவைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபோது கத்தரிச் செடிக்கும் சுண்டைச் செடிக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. மாமனார் கண்ணுசாமி இதைப் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரித்து, பந்தியில் தனக்கு நல்ல இடம் பிடித்துக்கொண்டார்.

தெரியாதவளுக்கு ஒரு வசதி உண்டு, எதையும் கேட்கலாம். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நாலு கத்தரிச் செடி தனியாக நின்றது. குழம்புக்கு அதில்தான் பறிப்பார்கள். தோட்டத்தில் வரிசை வரிசையாக நின்ற கத்தரியை வீட்டில் யாரும் தொடுவதில்லை.

"ஏன் மாமா, இது மட்டும் தனியா நிக்கிது?"

"இது திங்கிறதுக்கு. அது விக்கிறதுக்கு. அதுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ மருந்து அடிக்கமுல்ல."

"அப்ப வாங்கித் திங்கிறவுக?"

"அவுக கழுவித் திம்பாக."

அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. மழை மேலேயிருந்து பெய்கிறது என்பதைப் போலத்தான் சொன்னார். ஆனால் மகேஸ்வரி, சின்னாளப்பட்டியில் அத்தனை வருஷமும் சந்தைக் காயை வாங்கிக் கழுவித் தின்றவள். அந்த 'அவுக' தான்தான் என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பைத் தொடவில்லை. அது தொட்டியோரத்துக் கத்தரிதான் என்று மாமியார் சத்தியம் செய்தும் தொடவில்லை.

பிறகு மகளிர் குழு மூலமாக இயற்கை விவசாயப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது, ஊரில் வேலை வெட்டி இல்லாதவள் என்று இவளை அனுப்பி வைத்தார்கள். போனவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பழக்கம் குறுக்கே வந்தது. மகேஸ்வரியிடம் மறக்க வேண்டிய பழக்கம் எதுவுமே இல்லாததால், சொன்னதையெல்லாம் அப்படியே செய்தாள். சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து டிரம்மில் கரைசல் வைத்தாள். தரை வெயிலில் காயாதபடி சோளத்தட்டை, சருகு, தென்னை மட்டை என்று கிடைத்ததையெல்லாம் செடிக்கடியில் கனமாகப் பரப்பினாள். மூடாக்கு என்பார்கள். அதற்குள்ளே ஈரம் நிற்கும், மண்புழு வரும், மண் மெல்ல உயிர் பிடிக்கும் என்பது பாடம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பார்வைக்கு அது குப்பை.

குப்பை ஏற்றி வந்ததில் அழகுராஜாவின் மானமும் கொஞ்சம் போயிற்று. அவனுக்குச் சொந்தமாகக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போய்விட்டுக் காலியாகத் திரும்புவான். காலியாக வராதே, அங்கே கழித்துப் போடுகிற கோஸ் இலையையும் வாழைச் சருகையும் ஏற்றி வா என்றாள். கொண்டுவந்தான்.

"ஏனுங்க, நீங்க காய் கொண்டாந்துட்டு குப்பை வாங்கிட்டுப் போறீங்க. உங்கூர்ல குப்பைதான் விலையா?" என்று மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர் கேட்டாராம். அழகுராஜா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொல்லிக் காட்டினான். மறுநாளும் ஏற்றி வந்தான். வாய் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போகிற சாதி அவன்.

ஆனால் பொறுமைக்கும் எல்லை வைத்தான். "அறுவது செண்டு உனக்கு. மூணு வருசம். அதுக்குள்ள மாசாமாசம் காய் எடுக்கிற எடம் ஒன்னைப் புடிச்சுட்டேன்னா நெலம் உன் இஷ்டம். இல்லன்னா மூணாம் வருசப் பங்குனியில சம்பங்கி போட்ருவேன். அதுக்கு மருந்தும் அடிப்பேன். அப்புறம் என்னைய மொறைக்கப்படாது."

முதல் வருஷம் கத்தரியைப் புழு தின்றது. இரண்டாம் வருஷம் புழுவும் இவர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வருஷம் மண் கறுத்தது. கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது. அந்தத் தெம்பில் மகேஸ்வரி சுற்றுப்பட்டில் கூட்டம் போட்டு மற்ற பெண்களுக்கும் மூடாக்குப் பாடம் எடுத்தாள். எல்லோரும் வந்தார்கள், படம் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், தலையாட்டினார்கள், வீட்டுக்குப் போய்த் தங்கள் தோட்டத்தை வழக்கம்போல வழித்துப் பெருக்கினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னவள் சண்முகவள்ளி. அடுத்த தோட்டத்துக்காரி, மகேஸ்வரிக்கு மூத்தவள், ஊர்ப் பெண்களை ஒரு குரலில் திரட்டக்கூடியவள். பாடம் அவளுக்கு மனப்பாடம். தோட்டத்தில் ஒரு சருகு கிடக்காது.

பங்குனி நெருங்கும்போது அதிர்ஷ்டம் ஒருவழியாக எட்டிப் பார்த்தது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் விடுதி. அதன் சமையலறைப் பொறுப்பு சிஸ்டர் சகாயசெல்வியிடம். பிள்ளைகளுக்கு மருந்தடிக்காத காய் போட வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். "பேச்சு வேணாம் மகேஸ்வரி, நான் வந்து மண்ணைப் பாக்கணும். கையில எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு.

அந்த வாரம் பார்த்து மகேஸ்வரியின் அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆளில்லை. கிளம்பும்போது சண்முகவள்ளியிடம், "அக்கா, பெரிய எடத்துல இருந்து ஆளு வாராக, தோட்டத்தைப் பாக்க. நான் வியாழக்கிழமை காலையில வந்துருவேன். செத்த பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பாத்துக்கங்க என்றாள். அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி வரப்பேறிய மகேஸ்வரி, வேறு யார் தோட்டத்துக்கோ வந்துவிட்டோம் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். கத்தரிச் செடிகள் நின்றன. அவற்றின் காலடியில் ஒன்றுமில்லை. மூன்று வருஷத்து மூடாக்கு முழுதும் வாரி எடுக்கப்பட்டு, மூலையில் குவித்துக் கொளுத்தப்பட்டு, சாம்பல் மட்டும் உரமாகட்டும் என்று திரும்ப விசிறப்பட்டிருந்தது. விளக்குமாறு போட்ட தடம் தரையில் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. வரப்பு நெடுக, மந்திரி வரும் ரோட்டில் போடுவதைப் போல, பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். நுழைகிற இடத்தில் பெரிய கோலம். செடிக்கடியிலும் மண்புழு நெளிந்த இடமாகப் பார்த்து, அசிங்கமாக இருக்கிறதே என்று இரண்டு பிடி பவுடர் தூவியிருந்தார்கள்.

ஐந்து பெண்களும் குளித்துப் பூ வைத்து வரிசையாக நின்றார்கள். சண்முகவள்ளி கையில் கலர் பாட்டில், விருந்தாளிக்கு.

"எப்புடி இருக்கு?" என்றாள்.

மகேஸ்வரி குனிந்து ஒரு பிடி சாம்பலை அள்ளினாள். அதற்குள் சிஸ்டரின் ஆட்டோ வந்துவிட்டது.

சிஸ்டர் கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்தார். குனிந்து மண்ணைத் தொட்டார். விரல் நுனியில் சாம்பலும் வெள்ளைத் தூளும் ஒட்டின. மோந்து பார்த்தார்.

"நிலத்துல ரசாயனம் எதுவும் படாதுன்னு சொன்னீங்களே. இது ஆஸ்பத்திரி வாடை அடிக்குது."

"சிஸ்டர், அது நேத்து... நான் ஊர்ல இல்ல. மூடாக்கு இருந்துச்சு சிஸ்டர், இம்புட்டு உசரம் இருந்துச்சு."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. ஆனா நான் என்ன பாத்தேன்னுதானே எங்க விடுதித் தலைவி மதர் கேப்பாங்க? ஒரு மழை போகட்டும், மறுபடியும் வாரேன்." வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்களை நோகடிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார். கலரை வாங்கிக் குடித்துவிட்டு ஆட்டோ ஏறினார்.

ஆட்டோ போன திசையைப் பார்த்தபடி சண்முகவள்ளி சொன்னாள்: "பாத்தியா, சிஸ்டரே சொல்லிட்டாக."

"அக்கா, நீங்கதானக்கா முன்னாடி உக்காந்து பதில் சொன்னீங்க? மூடாக்கை எடுத்தா என்னாகும்னு கேட்டப்ப, மண்ணு செத்துப் போகும்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் சொல்லுவேன்."

"அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?"

சண்முகவள்ளிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஏண்டி, நீ சொன்னது வெள்ளாமைக்கு. விருந்தாளி வார அன்னிக்குமா குப்பையைப் போட்டு வைப்பாக? உன் வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா கூட்டாமயா கெடக்கும்? நீ ஆத்தாளப் பாக்கப் போயிட்ட, பாவம், மானம் போயிருமேன்னு அஞ்சு பேரும் வெயில்ல கெடந்து வாரியிருக்கோம். பவுடரு பஞ்சாயத்துல கெஞ்சி வாங்குனது."

மற்ற நால்வரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் கைகளில் தட்டை அறுத்த கீறல்கள். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு என்ன திட்டுவது? மகேஸ்வரி நீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, தனியாக நின்ற கத்தரிச் செடிகளைத் திட்டிவிட்டு வந்தாள்.

அழகுராஜா சாயங்காலம் வந்து பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தாள், சிரிக்கவில்லை. வரப்பில் குந்தி வெகுநேரம் சாம்பலைக் கிளறினான். அத்தனையும் அவன் வண்டியில் வந்த சருகு. "அம்புட்டு நடையும் வீணாப்போச்சேடி" என்றான். பேசிய பேச்சையும் விட முடியாது. முப்பது சென்ட்டில் சம்பங்கி என்றும், மீதி முப்பது அவளுக்கு அடுத்த மழை வரைக்கும் என்றும் முடிவானது. அவள் முறைக்கவில்லை. பேச்சு பேச்சுதானே. அவனோடு நான்கு நாள் பேசாமல் மட்டும் இருந்தாள்.

இதோடு முடிந்தாலாவது பரவாயில்லை. அந்த ஊர்ப் பெண்களுக்குள் மாத்தாள் என்று ஒரு நடைமுறை உண்டு. என் தோட்டத்துக்கு நீ ஒரு நாள் வேலைக்கு வந்தால், உன் தோட்டத்துக்கு நான் ஒரு நாள் வந்தாக வேண்டும். கூலி கிடையாது. கூப்பிட்டு வந்தாயா, கூப்பிடாமல் வந்தாயா, ஆக்கினாயா, அழித்தாயா என்பதெல்லாம் கணக்கில் வராது. வந்தது வந்ததுதான். ஆக, தன் தோட்டத்தை நாசம் செய்ததற்காக மகேஸ்வரி ஐந்து வீட்டுக்கு ஐந்து நாள் கடன்பட்டிருந்தாள்.

ஊர் வழக்கத்தை அவள் மீறவில்லை. ஒரு வீட்டில் வெங்காயம் பிடுங்கினாள், ஒரு வீட்டில் தக்காளிக்குக் கம்பு நட்டாள், ஒரு வீட்டில் முதல் நாள்தான் மருந்தடித்த அவரையை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பறித்தாள். "எங்க வீட்டுக்கு இதுல பறிக்க மாட்டோம், நீ பயப்படாத" என்று அந்த வீட்டுக்காரி ஆறுதல் வேறு சொன்னாள். நாலாவது வீட்டில் வழித்துப் பெருக்கச் சொன்னார்கள். பெருக்கினாள். பெருக்கிய சருகைச் சாக்கில் கட்டித் தன் முப்பது சென்ட்டுக்குத் தூக்கிவந்தாள் என்பது வேறு விஷயம்.

மிச்சம் சண்முகவள்ளி.

"திங்கக்கிழமை வந்துரு மகேசு. கடலைக் காட்டுல களை மண்டிருச்சு. களைக்கொல்லி வாங்கி வச்சிருக்கேன். டேங்கை முதுகுல மாட்டி ஒரு சுத்து சுத்துனா முடிஞ்சிரும்."

"அது மட்டும் முடியாதுக்கா. வேற எது வேணாலும் சொல்லுங்க. கையால களை எடுக்கவா? ரெண்டு நாள் ஆனாலும் எடுத்துத் தாரேன்."

"ரெண்டு நாள் எடுத்தா நான் ஒனக்கு ஒரு நாள் கடன்பட்டுப் போவேன். அது ஆகாது."

"அப்ப உங்க தென்னைக்கு அடியில மட்டையப் பரப்பி விடுறேன். ஒரு நாள் வேலை சரியா இருக்கும்."

"குப்பையக் கொண்டாந்து போட்டுட்டு வேலை செஞ்சேன்னு சொல்லுவியா?"

"நீங்க எடுத்ததை வேலைன்னு சொல்றீகல்ல?"

"எடுக்குறது வேலை. போடுறது எப்புடிடி வேலையாகும்?"

இப்படித்தான் நிற்கிறது. ரேஷன் கடை வரிசையில் சண்முகவள்ளி முன்னால் நிற்பவர்களைத் தாண்டி எட்டிப் பார்த்து, "என் நாளு என்னாச்சு?" என்கிறாள். "இருக்குக்கா, எங்க போகப்போகுது" என்கிறாள் மகேஸ்வரி. இரண்டு பேருக்கும் கோபம் கிடையாது. குழம்பு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஒருத்தியும் இறங்கி வருவதாக இல்லை.

கடலைக் காட்டில் களை முழங்காலைத் தொட்டுவிட்டது. வேறு ஆள் விட்டு அடிக்க வேண்டியதுதானே என்று சண்முகவள்ளியின் வீட்டுக்காரர் கத்துகிறார். அதெப்படி அடிப்பது என்கிறாள் அவள். அது மகேஸ்வரி வர வேண்டிய நாளாம். அதில் வேறு ஆளை விட்டால் கணக்குக் குழம்பிப் போகுமாம்.