லோயர் கேம்ப்புக்கு வராத வேன்

சோணையம்மாளை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக் கூடலூரிலிருந்து குமுளி போகிற என் ஜீப்பில், லோயர் கேம்ப்பில் ஏறுவார். மகன் இனியனுக்கு நடக்க வராது, பேச்சும் குழறும். புருஷன் இல்லாத வீடு. மகனை ஜன்னலோரம் உட்கார்த்தி, கதவைப் பூட்டிவிட்டுத்தான் மலையேறியாக வேண்டும். ஜீப் வளைவு திரும்பும்வரை அந்த ஜன்னலையே பார்ப்பார்.

கம்பத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை பகல் பள்ளி நடத்துகிறது. வேன் வந்து கூட்டிப் போகும். ஆனால் கூடலூரோடு திரும்பிவிடும். அது நம் தெருவுக்கும் வராதா, என் பிள்ளையும் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரிக்க மாட்டானா என்று அவர் ஏங்காத நாளில்லை.

போய்க் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்துவேன்.

"தர்மம் செய்யுறாக. அவுககிட்டப் போயி, ஏன் இங்கன வரலைன்னு எப்படிண்ணே கேக்குறது?" என்பார்.

எங்கள் ஊர்ப் புத்தி இது. கோயில் திருவிழா முடிந்தால் மிஞ்சிய தேங்காய்க்குக்கூட மைக்கில் கணக்குச் சொல்ல வைப்போம். இனாமாகச் செய்கிறவரிடம் மட்டும் வாய் திறக்க மாட்டோம். பாவமாம்.

போன வருஷம் வார்டுக் கூட்டத்தில்தான் விஷயம் தெரிந்தது. அரசுப் பணம் வாங்குகிறவர்கள் அதில் என்ன செய்கிறார்கள் என்று ஜனங்கள் முன் வாசிக்கச் சொன்னார் அதிகாரி. அறக்கட்டளை நிர்வாகி செல்வமணி எழுந்து வாசித்தார். வேன், டீசல், டிரைவர் எல்லாமே அரசு ஒப்பந்தம். தர்மமும் இல்லை, மண்ணும் இல்லை! வேன் லோயர் கேம்ப் வரை வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்டார். அங்கே அப்படிப்பட்ட பிள்ளை யாரும் இல்லை, யாரும் வந்து கேட்கவுமில்லை என்றார் செல்வமணி.

ஆத்திரத்தில் நாற்காலியைத் தள்ளினேன். அதற்குள் சோணையம்மாள் எழுந்துவிட்டார்.

"எம் பிள்ளை அங்கனதான்யா இருக்கான். பூட்டுன வீட்டுக்குள்ள இருக்கான்."

மறு வாரமே வேன் வந்தது. எந்தெந்த ஊருக்குப் போகும் என்று பள்ளி வாசலில் பலகையும் மாட்டினார்கள். ஆனால் இனியனுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. அதற்கு மேல் சேர்க்க விதியில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

இப்போது வேன் எதிர்வீட்டுச் சிறுமி ஜோதிகாவை ஏற்றிப் போகிறது. சோணையம்மாள் வேலைக்கு வராத ஒரு நாள், வாசலில் ஹாரன் கேட்டதும் இனியன் சட்டை போட்டுவிடச் சொல்லி இரண்டு கையையும் தூக்கினானாம். சொல்லி அழுதார்.

அன்றிலிருந்து விடியுமுன்னே அவனுக்குத் தலை சீவி, வெளுத்த சட்டையைப் போட்டு, ஜன்னலோரம் உட்கார்த்திவிட்டுத்தான் என் ஜீப்பில் ஏறுகிறார்.