பதினைந்து நிமிடப் படிவம்

2011இல், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெஸ்ட்மீட்டில், சட்டத்தரணியாக இருந்த ஒரு வெள்ளைக்காரச் சொலிசிற்றரின் அலுவலகத்துக்கு இணையத்தளம் செய்து கொடுத்திருந்தேன். உடற்குறை உள்ளவர்களும் பாவிக்கக்கூடியதாக அதை மாற்றித் தரும்படி பிறகு கேட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கினேன், நிறங்களைத் தெளிவாக்கினேன், படங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதினேன். பட்டியலில் இருந்த அத்தனைக்கும் சரி போட்டு அனுப்பிவிட்டு, பெரிய புண்ணியம் செய்தவன் மாதிரித் திரிந்தேன்.

இரண்டு கிழமை போகவில்லை, அங்கே வரும் ஃபோனை எடுக்கும் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். பக்கத்து ஊர் டூங்கபியிலிருந்து ஒரு அன்ரி மூன்று தரம் ஃபோன் பண்ணிவிட்டாராம். சொலிசிற்றருக்கு அனுப்பும் படிவம் பாதியில் வெறுமையாகிறதாம். படிவத்தில் ஒரு பிழையும் இல்லை, அவர் எந்த விசையையாவது மாறி அமத்தியிருப்பார் என்று சீறினேன். சீறினாலும் மனம் கேட்கவில்லை. நேரே வந்து பார்க்கட்டா என்று அன்ரியிடம் கேட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும் நேரம் அது.

அன்ரி முன்பு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். கை நடுக்கம் வந்து வேலையை விட்டவர். அலுமாரியில் சேலைகளுக்கிடையில் ஒளித்து வைத்திருந்த, துளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து விசைப்பலகையின்மேல் பொருத்தினார். நடுங்கும் கையை அதில் ஊன்றி, ஒவ்வொரு துளையாக விரலை இறக்கி, எழுத்தெழுத்தாக அடித்தார். பெயர், விலாசம், பிறந்த திகதி. விடயத்தை எழுதும் பெட்டி வந்ததும் என்னைத் தள்ளி இருக்கச் சொன்னார். ஒன்றரை வரி வந்திருக்கும், எல்லாம் அழிந்துபோனது. நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்குங்கள் என்று திரை சொன்னது.

அந்த வசனத்தை எழுதியவன் நான். பாதுகாப்புக்கென்று பதினைந்து நிமிடம் வைத்தவனும் நான்தான். அதற்குமேல் யாருக்கு வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அதை மறைக்க, தாங்கோ அன்ரி, ரெண்டு நிமிசத்திலை நான் அடிச்சுத் தாறன் என்றேன்.

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

"மகனும் இதைத்தான் சொல்லுவான், தம்பி. ஆருக்கும் சொல்லி அடிக்கலாமெண்டால் நான் ஏன் இவ்வளவு கஷ்டப்படுறன்?"

சொலிசிற்றரோடு ஃபோனில் கதைக்கலாமே என்றேன். அங்கே முதலில் ஃபோன் எடுக்கிற பிள்ளையையும் வெள்ளிக்கிழமை கோயிலில் காண்கிறேன், உங்களையும் காண்கிறேன் என்றார். எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு விடயத்தைச் சொல்ல அவருக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் நான் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அழித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, நேர எல்லையை எடுக்கப்போகிறேன் என்று சொலிசிற்றரிடம் சொன்னேன். ஓர் ஆளுக்காகவா என்று அவர் கேட்க, எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. போன கிழமை என்றால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன், அது வேறு கதை. எப்படியோ எடுத்தாயிற்று.

அடுத்த சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அன்ரியின் பெயரோடு எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. சோதித்துப் பார்க்கவென்று எல்லாப் படிவங்களின் பிரதியும் எனக்கும் வரும்படி வைத்து, எடுக்க மறந்திருந்தேன். பொய் சொல்லக்கூடாது, கை துருதுருத்தது. திறக்காமலே அழித்தேன். என் விலாசத்தையும் அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

பிறகொரு வெள்ளிக்கிழமை கோயிலில் அவர்களைக் கண்டேன். மகன் தாயின் கையைப் பிடித்தபடி என்னோடு கதைத்தார். அருமையான பிள்ளை, குறை சொல்ல ஏலாது.

"அம்மாவுக்கு உந்தக் கொம்பியூட்டர் ஒண்டும் சரிவராது," என்றார். "என்ன தேவையெண்டாலும் நான்தான் அடிச்சுக் குடுக்கிறனான்."

"ஓம், அவன்தான்," என்றார் அன்ரி, என்னைப் பார்க்காமலே.